நேபாளம் குலுங்கினால் சென்னை ஆடுவது ஏன்?
ராயபுரம் தரைதான் இமயமலையை முட்டுகிறது!

சென்னை,

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. பகல் 11.41 மணி. நேபாளத்தில் பூமி குலுங்கியது. சற்று நேரத்தில் சென்னை கோடம்பாக்கம், நந்தனம் பகுதி மாடிக் கட்டிடங்களில் நாற்காலி, மேஜை ஆடின. "பூகம்பம்!" என்று அலறி அடித்துக்கொண்டு மக்கள் வீதிக்கு ஓடி வந்தார்கள். தெருவில் நின்ற பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நேபாளத்தில் சுமார் 9 ஆயிரம் பேர் பலியானார்கள். அந்த இடம் இங்கிருந்து சுமார் 1,700 கி.மீ. தூரம். அங்கே அடி விழுந்தால் இங்கே ஏன் ஆட்டம்?

ஒரே பாறை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் நிற்பது ஒரு பிரமாண்டமான பாறைத் தட்டின் மேல். இமயமலை அடிவாரம் வரை அதே தட்டுதான். அது சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்கிறது.

லாரி மீது லாரி மோதினால் 'பானெட்' மடங்கி மேலே எழும்புகிறது அல்லவா? அதே கதைதான். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் தட்டு ஆசியத் தட்டில் மோதியது. மடங்கி எழும்பியதுதான் இமயமலை. மோதல் இன்னும் ஓயவில்லை!

துருப்பிடித்த ஷட்டர்

நம் தட்டு மலைக்கு அடியில் நுழையப் பார்க்கிறது. பாறையும் பாறையும் உரசிச் சிக்கிக்கொள்கின்றன. துருப்பிடித்த கடை ஷட்டரை இழுத்துப் பாருங்கள். முதலில் அசையாது. பிறகு ஒரேயடியாகத் தடாலென்று வரும். பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள் சேர்ந்த அழுத்தம் அப்படி ஒரு நிமிடத்தில் விடுபடுவதுதான் பூகம்பம்.

அதில் கிளம்பும் நீண்ட, மெதுவான அலைகள் வெகு தூரம் போகும். உயரமான கட்டிடங்களை அவை ஊஞ்சல் போல ஆட்டும். அதனால்தான் மாடியில் ஆட்டம், தெருவில் அமைதி.

நமக்கு ஆபத்து கிழக்கே

வடசென்னைக்குப் பெரிய பயம் மலை அல்ல, கடல். நம் தட்டின் கிழக்கு ஓரம் அந்தமான், சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு அங்கே சிக்கல் விடுபட்டது. கடல் தரை மேலே எழும்பியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் சுனாமி நம் கரையில்! காசிமேடு முதல் எண்ணூர் வரை குப்பங்கள் சின்னாபின்னமாயின. அந்த இரண்டரை மணி நேரத்தில் சொல்ல ஆளில்லை.

2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 அளவு பூகம்பம். சென்னையும் ஆடியது. எச்சரிக்கை உடனே வந்தது. பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. தப்பினோம்!

என்ன செய்வது?

ஆடும்போது மேஜைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். லிப்டில் ஏறாதீர்கள். கரையோரம் இருப்பவர்கள், பலமான ஆட்டம் தெரிந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. அறிவிப்புக்குக் காத்திராமல் மேற்கே நடையைக் கட்டுங்கள்.

பூகம்பம் எந்த நாள், எந்த மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தொலைதூரக் கடலில் பூமி குலுங்கினால், அலை வருவதற்குள் நமக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதை வீணாக்கினால்தான் ஆபத்து.