பாட்டுச் செயலி மாறும்போது பட்டியலுக்கு என்ன ஆகும்?

2024 ஜனவரி 31 அன்று ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் மூடப்பட்டது. ஏர்டெல் நிறுவனம் 2014இல் தொடங்கிய விங்க் மியூசிக்கும் அதே ஆண்டு விடைபெற்றது. அதற்கு முன் 2020இல் கூகுள் பிளே மியூசிக் நிறுத்தப்பட்டு, அதன் நேயர்கள் யூடியூப் மியூசிக் பக்கம் அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த பாட்டெல்லாம் போய்விடுமா?

போகாது. ஆனால் அது எப்படி என்று புரிய, நாம் சேர்த்துவைத்திருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கில் இருப்பது எண் மட்டுமே

செயலியில் ஒரு பாட்டுக்கு லைக் போட்டால், உங்கள் கணக்கில் சேர்வது அந்தப் பாட்டின் எண். ஒலிக்கோப்பு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நூலகத்தில் பிடித்த புத்தகங்களின் வரிசை எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருவதைப் போன்றது இது. தாள் உங்களுடையது, புத்தகம் நூலகத்துடையது.

டவுன்லோடு செய்துவைத்தாலும் இந்த நிலை மாறாது. அந்தக் கோப்பு பூட்டப்பட்ட கோப்பு. அந்தச் செயலியால் மட்டுமே திறக்க முடியும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் இணைந்தால்தான் டவுன்லோடு செய்த பாட்டுகள் நிலைக்கும். சந்தா முடிந்தால் அவையும் ஒலிக்காது.

ஒரே பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஓர் எண் தருகிறது, ஆப்பிள் மியூசிக் வேறு எண் தருகிறது, ஜியோசாவன் இன்னொன்று தருகிறது. ஆகவே செயலி மாறும்போது நடக்கும் வேலை, பழைய இடத்தின் எண்ணுக்கு நேரான புதிய இடத்தின் எண்ணைத் தேடிப் பிடிப்பதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பாட்டு இருக்கிறதா என்று

எந்தச் செயலி நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சந்தாத் தொகையில் தொடங்குகிறார்கள். நான் பாட்டில் தொடங்கச் சொல்வேன். பெரிய நிறுவனங்கள் தங்களிடம் 10 கோடிப் பாட்டுகளுக்கு மேல் இருப்பதாகச் சொல்கின்றன. நமக்கு வேண்டிய ஆயிரம் பாட்டு அதில் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. வந்த சில வாரங்களிலேயே, பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் உரிமையை வைத்திருக்கும் சரிகம நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றம் போனது. சரிகம பாட்டுகள் அந்தச் செயலியிலிருந்து விலக்கப்பட்டன. 2020 ஜூனில் உடன்பாடு ஏற்பட்ட பிறகே திரும்ப வந்தன. பழைய பாட்டு விரும்பிகளுக்கு இடைப்பட்ட காலம் பெரிய வெற்றிடம். உரிமை ஒப்பந்தம் முடிந்தால் எந்தச் செயலியிலிருந்தும் எந்தப் பாட்டும் ஒரே நாளில் மறையலாம். எனவே மாறுவதற்கு முன் உங்களுக்கு உயிரான பாட்டுகளில் ஓர் ஐம்பதைப் புதிய இடத்தில் தேடிப் பாருங்கள். கர்நாடக இசைக் கச்சேரிகள், பழைய பக்திப் பாடல்கள், சிறு நிறுவனங்களின் நாட்டுப்புறப் பாடல்கள் ஆகியவற்றில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

காதுக்கு எவ்வளவு போதும்?

அடுத்தது ஒலித்தரம். சி.டி.யில் ஒரு நொடி இசைக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். இதை அப்படியே அனுப்பினால் நான்கு நிமிடப் பாட்டுக்கு 42 எம்.பி. செலவாகும். உரத்த ஒலியின் நிழலில் மறைந்து காதுக்கு எட்டாமல் போகும் நுண்ணொலிகளைக் கழித்துவிட்டு, மீதியைச் சுருக்கி அனுப்புவதே பொதுவான வழக்கம். ஸ்பாட்டிஃபையில் இப்படிச் சுருக்கிய ஒலி 320 கிலோபிட் வரை கிடைக்கிறது. ஆப்பிள் மியூசிக் 256 கிலோபிட்டில் ஏஏசி என்ற முறையைப் பயன்படுத்துகிறது. முறைகள் வேறு; எனவே எண் பெரியது என்பதாலேயே ஒலி உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் 144 எம்.பி. டேட்டா போகும்.

எதையும் கழிக்காத முழுத்தர ஒலியை ஆப்பிள் 2021 ஜூனில் கூடுதல் கட்டணமில்லாமல் கொண்டுவந்தது. ஆனால் புளூடூத் இயர்போனில் கேட்பவருக்கு அது முழுதாக வந்து சேராது. புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்.பி.சி. சுமார் 328 கிலோபிட்தான் கடத்தும். சோனியின் எல்டாக் முறைகூட 990 கிலோபிட்டில் நின்றுவிடும். நல்ல ஒயர் ஹெட்போனும் அமைதியான அறையும் இல்லாதவர்கள் முழுத்தரத்துக்காகச் செயலி மாற வேண்டியதில்லை.

இரண்டு செயலிகளின் ஒலியை ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்காமல் இருக்க, ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு சத்த அளவை வைத்திருக்கிறது. கொஞ்சம் உரக்க ஒலிப்பதை ‘தெளிவாக இருக்கிறது’ என்று நம் காது எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் போய் இரண்டிலும் சத்தத்தைச் சமப்படுத்தும் அந்த வசதியை அணைத்துவிட்டு ஒப்பிட்டால்தான் தீர்ப்பு நியாயமாக இருக்கும்.

பட்டியல் இடம் மாறும் விதம்

டியூன் மை மியூசிக், சவுண்டீஸ், சாங்ஷிஃப்ட் போன்ற கருவிகள் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன. இரண்டு கணக்குகளுக்கும் அனுமதி தந்தால், கருவி பழைய பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பாட்டையும் புதிய இடத்தில் தேடி, அங்கே அதே பெயரில் பட்டியலைக் கட்டித் தருகிறது. யூடியூப் மியூசிக்குக்கும் ஆப்பிள் மியூசிக்குக்கும் இடையே பிளேலிஸ்ட்டுகளை நேரடியாக அனுப்பும் வழி 2024இல் வந்துவிட்டது.

தேடலுக்குப் பெரிய துணை ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு. இது உலகம் முழுக்க ஒலிப்பதிவுகளுக்கு வழங்கப்படும் அடையாளம். முதல் ஐந்து இடங்கள் பதிவு செய்தவரையும், அடுத்த இரண்டு ஆண்டையும் சுட்டும். கடைசி ஐந்தும் அந்த ஒலிப்பதிவுக்கான தனி எண். இந்தியாவில் இதை ஒதுக்குவது இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி என்ற இசை நிறுவனங்களின் சங்கம். இந்த அடையாளம் பாட்டுக்கு அல்ல, ஒலிப்பதிவுக்கு. ஸ்டுடியோவில் பாடியதற்கு ஒன்று, மேடையில் பாடியதற்கு வேறொன்று, ரீமிக்ஸுக்கு இன்னொன்று. இரண்டு செயலிகளிலும் இந்தக் குறியீடு ஒத்துப்போனால் பாட்டு பிசகாமல் வந்து சேரும்.

குறியீடு கிடைக்காத இடத்தில் கருவி பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம், நீளம் ஆகியவற்றை வைத்துத் தேடும். தமிழ்ப் பாட்டு தடுமாறுவது இங்கேதான். நம் பாட்டுகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கின்றன; அதற்குச் சீரான முறை இல்லை. ‘ஆசை’ என்பதை ஒரு நிறுவனம் ஒற்றை ‘ஏ’ போட்டுத் தொடங்கும், இன்னொன்று இரட்டை ‘ஏ’ போடும். ழகரத்துக்கு ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் ஓரிடத்தில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். மொழிமாற்றுப் படங்கள் இன்னொரு சிக்கல். ‘ரோஜா’ (1992) படத்தில் மின்மினி பாடிய புகழ்பெற்ற பாட்டை இந்தியிலும் அவரே பாடினார். மெட்டு, பாடகர், படம் எல்லாம் ஒன்றாக இருக்க, கருவி ஒரு மொழிப் பதிவுக்குப் பதில் மற்ற மொழிப் பதிவைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

வராமல் போவன

எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு பொதுவாக வராது. அதை வைத்து உங்கள் ரசனையைக் கற்ற பரிந்துரையும் வராது. ஸ்பாட்டிஃபை 2015 முதல் திங்கள்தோறும் தரும் 30 பாட்டுப் பட்டியல், உங்களைப் போலவே பாட்டு சேர்ப்பவர்களின் பட்டியல்களை ஒப்பிட்டு உருவாவது. புதிய இடத்தில் நீங்கள் புதியவர். பழைய பட்டியலைக் கொண்டுபோய்ச் சேர்த்து, சில வாரம் மனம்போலக் கேட்டால் அதுவும் கற்றுக்கொள்ளும்.

மாறுவதாக முடிவு செய்தால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. பழைய சந்தா உயிரோடு இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்.
2. சிறிய பட்டியல் ஒன்றை மாற்றிப் பார்த்து, எத்தனை பாட்டு சரியாக வந்தது என்று எண்ணுங்கள்.
3. கிடைக்காத பாட்டுகளின் பட்டியலைக் கருவியே தரும். அவற்றைக் கையால் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.
4. கருவிக்குத் தந்த அனுமதியை வேலை முடிந்ததும் இரண்டு கணக்குகளிலும் ரத்து செய்யுங்கள்.
5. எல்லாம் சரியாக இருந்தால் பழைய சந்தாவை நிறுத்துங்கள்.

மாறும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கருவிகளில் சில பட்டியலைச் சாதாரண சி.எஸ்.வி. கோப்பாகவும் தரும்; எந்தக் கணினியிலும் அதைத் திறந்து படிக்கலாம். ஆண்டுக்கு ஒரு தடவை அதை எடுத்துச் சேமித்துவையுங்கள். எந்தச் செயலி மூடினாலும், எந்த ஒப்பந்தம் முறிந்தாலும், நீங்கள் தேடித்தேடிச் சேர்த்த ரசனையின் பதிவு உங்கள் கையில் இருக்கும். அந்தப் பாட்டுகளை வேறெங்காவது திரும்பத் தேடிக்கொள்ள அது போதும்.