கப்பல் வியாபாரமும் பத்து வட்டியும்: 'டைப்பான்' கேம்

திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். சரக்குக்கு மாதக்கணக்கில் பணம் போட வேண்டும். விற்பனை தீபாவளியை நம்பி இருக்கிறது. இடையில் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். இந்தக் கணக்கைக் கப்பலில் ஏற்றிய கேம்தான் 'டைப்பான்'.

1979-ல் ஆர்ட் கேன்ஃபில் என்பவர் டிஆர்எஸ்-80 கம்ப்யூட்டருக்காக இதை எழுதினார். 1982-ல் ஆப்பிள் 2-க்கு வந்தது. பிறகு பாம் கையடக்கக் கருவிகளுக்கும் செல்போன்களுக்கும் இதன் வடிவங்கள் வந்தன. பிரவுசரில் இலவசமாக விளையாடும் வடிவங்களும் உண்டு.

எப்படி விளையாடுவது?

ஆண்டு 1860. உங்கள் தலைமையிடம் ஹாங்காங். ஷாங்காய், நாகசாகி, சைகோன், மணிலா, சிங்கப்பூர், படேவியா ஆகிய துறைமுகங்களுக்குக் கப்பல் ஓட்டலாம். பட்டு, ஆயுதம், பொதுச் சரக்கு, அபின் என நான்கு வகைச் சரக்குகள். மலிவான இடத்தில் வாங்கி, விலை ஏறிய இடத்தில் விற்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மாதம் ஆகும். வழியில் புயலும் கொள்ளைக்காரர்களும் வரலாம். பத்து லட்சம் சேர்த்தால் ஓய்வு பெறலாம்.

கவனிக்க வேண்டியது கடன்

ரொக்கம் 400, கடன் 5,000 என்று தொடங்கலாம். கடன் கொடுத்தவர் வூ. அவருடைய வட்டி மாதம் 10 சதவீதம், அதாவது நம் ஊர்ப் பேச்சில் பத்து வட்டி. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துவிடும். பேங்கில் போட்ட பணத்துக்கோ மாதம் அரை சதவீதம்தான். கடனை வைத்துக்கொண்டு பேங்கில் சேமிப்பவர் இந்த விளையாட்டில் நஷ்டப்படுவார்.

எக்செலில் நீங்களே பாருங்கள்

1. முதல் கட்டத்தில் 5000 என டைப் செய்யுங்கள்.
2. அதற்குக் கீழே சமக்குறி போட்டு, முதல் கட்டத்தைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறியும் 1.1-ம் அடித்து என்டர் தட்டுங்கள்.
3. இந்த இரண்டாவது கட்டத்தின் வலது கீழ் மூலையை மவுசால் பிடித்து, 13-வது கட்டம் வரை இழுங்கள்.

பன்னிரண்டு மாத முடிவில் கடன் ஏறத்தாழ 15,692. மூன்று மடங்குக்கும் மேல்! கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடுக்கத் தமிழக அரசு 2003-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது ஏன் என்பது இந்தப் பதின்மூன்று கட்டங்களில் புரிந்துவிடும்.

பெற்றோர் கவனத்துக்கு

அதிக லாபம் தருவது அபின். ஆனால் அதிகாரிகளிடம் சிக்கினால் சரக்கும் போய் அபராதமும் கட்ட வேண்டும். சீனாவை அந்த வியாபாரம் எப்படிச் சீரழித்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு விளையாட விடுங்கள். முதல் லாபம் கைக்கு வந்ததும் வூவின் கடனை அடைக்கச் சொல்லுங்கள். கப்பலைப் பெரிதாக்குவது அதற்குப் பிறகு.