குதிகால் வலியும் நம் நடையும்



1857ஆம் ஆண்டில் ஈயம் தேடிச் சென்றவர்களால் அம்பாங் உருவாயிற்று. பின்னர் அதைச் சுற்றிய மேட்டு நிலங்களில் பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளே மிகுதி. தோட்டத்திலிருந்து அங்கே குடியேறிய தாய்மார்கள் நம்மிடம் அடிக்கடி ஒன்று கேட்பதுண்டு: "காட்டில் அவ்வளவு தூரம் நடந்தபோது வராத குதிகால் வலி, சிமெண்டுத் தரைக்கு வந்த பிறகு வருகிறதே, ஏன்?" தோட்டத்திலேயே இருப்பவர்களோ முழங்கால் வலி, இடுப்பு வலி என்கிறார்கள். தைலம் தேய்த்தால் இரண்டு நாள் குறைகிறது, மீண்டும் வருகிறது. மீண்டும் மீண்டும் வருகிற வலிக்கு, நாம் அடிவைக்கும் முறையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை, வில்லுக்கு நாண் போல, உறுதியான ஒரு பட்டை ஓடுகிறது. நடக்கையில் முதலில் குதிகால் தரையைத் தொடும். பிறகு பாதம் சற்று உட்புறம் சாய்ந்து அதிர்ச்சியைத் தாங்கும். கடைசியில் பெருவிரல் தரையை உந்தும். காட்டு மண் அமுங்கிக் கொடுக்கும், சிமெண்டு கொடுக்காது. வெறுங்காலுடனோ தேய்ந்த சிலிப்பருடனோ நாள் முழுதும் அதன்மேல் நின்றால், அந்தப் பட்டை குதிகாலில் சேரும் இடம் நோகத் தொடங்கும்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முதல் அடியில் முள் குத்துவது போல் வலிக்கும். நாலு அடி நடந்தால் குறையும். இரவெல்லாம் தளர்ந்து சுருங்கிக் கிடந்த பட்டை திடீரென்று இழுபடுவதே காரணம். ஆகவே இறங்குவதற்கு முன்பே, கால் விரல்களைக் கையால் நம் பக்கமாகப் பத்து முறை மெல்ல இழுத்துவிட வேண்டும். கெண்டைச்சதை இறுகியிருந்தாலும் குதிகாலுக்குத்தான் சுமை. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் நிற்பது நல்லது. பொறுமை வேண்டும், பலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் குறைந்துவிடும்.

தோட்டத்தில் கதை வேறு. சரிவில் நிரை பிடித்து நடக்கும்போது ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலும் விழுகிறது. பால் வெட்டுபவர் கத்தியோடு மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் அடிவைக்கிறார். தாழ்ந்த வெட்டுக்குக் குனிகிறார். இதையே மரத்துக்கு மரம் செய்தால் முழங்கால் என்ன செய்யும்? அந்தக் காலத்துக் காண்டா வாளியில் ஒரு நன்மை இருந்தது: சுமை இருபுறமும் சமம். ஒரே கையில் வாளி தூக்கினால் உடல் எதிர்ப்பக்கம் வளைகிறது. அந்த வளைவை இடுப்பு தாங்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளே, இன்று உங்கள் அப்பாவின் பழைய சிலிப்பரைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது இயல்பு. உட்புறம் அதிகம் தேய்ந்திருந்தால் பாதம் உள்ளே சரிகிறது. அதோடு முழங்காலும் உள்ளே திரும்பும். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அவர் நொண்டி நடக்கிறார் என்று ஐயப்படலாம். இடது பாதம் நொந்தால் உடல் தானாகவே வலப்பக்கம் சுமையை மாற்றும். பாதத்து நோவு இப்படித்தான் இடுப்பு வலியாக வந்து நிற்கிறது.

ஆனாலும் அந்த நொண்டலில் ஒரு பாதுகாப்பு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீர்செய்தவர். உணர்ச்சியுள்ளவர் நோகும் இடத்தில் அழுத்தாமல் நடையை மாற்றிக்கொள்வார். தொழுநோயால் உணர்ச்சி இழந்தவரோ அதே இடத்தில் திரும்பத் திரும்ப மிதிப்பார். அங்கே புண் வைக்கும். அவர்களுக்கு ஏற்ற காலணி செய்வதிலும் டாக்டர் மிகுந்த கவனம் செலுத்தினார்.

இன்று நம் வீடுகளில் அதே நிலையை இனிப்புநீர் உண்டாக்குகிறது. நெடுநாள் இனிப்புநீர் உள்ளவருக்குப் பாதம் மரத்துப்போகலாம். சிலிப்பருக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. வலி இல்லையே என்று அவர் மகிழ்வதில் பொருளில்லை. தினமும் மாலையில் வெளிச்சத்தில் அவர் பாதங்களைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ தெரிந்தால் தைலம் தடவிக் காத்திருக்காமல் மறுநாளே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். போகும்போது அந்தச் சிலிப்பரையும் டாக்டரிடம் காட்டுங்கள்.