டிக்கட்டைக் கொடுப்பது யார்? நியூயோர்க்கின் ஓர் உட்கட்சித் தேர்தல்

2017 டிசம்பர். உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுக்கும் நாட்கள். சபைகளில் நூற்றுக்கு 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தபடியால், எல்லாக் கட்சிகளும் பெண்களின் பெயர்களைத் தேடி அலைந்தன. ஒரு கட்சியைச் சேர்ந்த இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கும் வந்து, என் மருமகளின் பெயரைக் கேட்டார்கள். "சும்மா பேர மட்டும் தாங்க சேர். பிள்ள வெளியில வரத் தேவல்ல, போஸ்டர்ல போட்டோவும் போடமாட்டம்" என்றார்கள். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த மருமகள், "பேர் மட்டும்தானெண்டா நான் என்னத்துக்கு மாமா?" என்று கேட்டாள். அவள் கையொப்பமிடவில்லை.

ஆறு மாதம் கழித்து, நியூயோர்க்கில் 28 வயதுப் பெண் ஒருவர் பத்துத் தவணை காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவரைத் தோற்கடித்த செய்தி வந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அங்க டிக்கட்ட ஆர் குடுக்கிற மாமா?" அன்று இரண்டு வரியில் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பட்டியலுக்கு முந்திய தேர்தல்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 ஆசனங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அத்தனைக்கும் நவம்பரில் தேர்தல் நடக்கும். அதற்கு முன்னர், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் திகதிகளில் 'பிரைமரி' எனப்படும் உட்கட்சித் தேர்தல் வரும். இது கட்சி மாநாடு அல்ல. தலைவர் வீட்டு விறாந்தையில் நடக்கும் பேச்சுவார்த்தையும் அல்ல. வாக்குச்சாவடி வைத்து, அரசாங்கம் நடத்தும் தேர்தல். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள்.

எங்கள் விருப்பு வாக்கும் ஒரே கட்சிக்காரர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவதுதானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மனாப்பே என்பது பட்டியல் எழுதி முடிந்த பிறகு வருவது. பிரைமரியில் பட்டியலே வாக்கால் எழுதப்படுகிறது.

நியூயோர்க்கில் இதற்கொரு கட்டுப்பாடு உண்டு. வாக்காளராகப் பதியும்போது படிவத்தில் ஒரு கட்சியைக் குறிப்பிட்டவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். சந்தா ஏதும் இல்லை, ஓர் அடையாளமிட்டால் போதும். ஆனால் 2018 ஜூன் பிரைமரிக்குக் கட்சி மாற விரும்பியவர் 2017 ஒக்டோபரிலேயே மாறியிருக்க வேண்டும். தேர்தல் சூடு பிடித்த பிறகு ஆள் சேர்க்கப் போனால் கதவு பூட்டிக் கிடக்கும்.

எண்ணிக்கைதான் கதை

அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் போட்டியிட்டது நியூயோர்க்கின் 14ஆம் தொகுதியில். புரொங்ஸின் கிழக்குப் பகுதியும் குயீன்ஸின் ஒரு பகுதியும் சேர்ந்த இடம் அது. தாய் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். தந்தை 2008இல் புற்றுநோயால் காலமானார். பட்டம் பெற்ற பிறகும் மகள் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். 2017இல் பிரசாரம் தொடங்கியபோதும் அந்த வேலை தொடர்ந்தது. துண்டுப்பிரசுரங்களைக் கடையிலேயே ஒரு காகிதப் பையில் ஒளித்து வைத்திருந்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

எதிரே இருந்தவர் ஜோ கிரௌலி. 1999 முதல் சபையில் இருந்தவர். சபையில் ஜனநாயகக் கட்சிக் குழுவின் தலைவர். குயீன்ஸ் மாவட்டக் கட்சி அமைப்பும் அவர் கையில். 2004க்குப் பிறகு பிரைமரியில் அவரை எதிர்த்து எவரும் நிற்கவில்லை. 14 வருடமாகப் போட்டியே இல்லாதவருக்கு வாசலில் போய் நிற்கும் பழக்கம் குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

போட்டி ஏன் இல்லாமல் போனது? முதல் தடை கையொப்பம். பிரைமரியில் நிற்க, தொகுதியில் அதே கட்சிக்குப் பதிந்த 1,250 வாக்காளர்களின் கையொப்பம் வேண்டும். கேட்கச் சுலபம்தான். ஆனால் முகவரி பிழை, திகதி பிழை என்று எதிர்த்தரப்பு ஆட்சேபனை கொடுத்து ஒவ்வொன்றாக வெட்டலாம். ஆகவே ஒகாசியோ கோர்டெஸின் தொண்டர்கள் 5,000க்கும் மேல் சேர்த்தார்கள். கையொப்பம் வாங்கப் போன ஒவ்வொரு வீடும், பிறகு வாக்குக் கேட்டுப் போகவேண்டிய வீடாகவும் ஆனது.

அடுத்தது கணக்கு. தொகுதியின் சனத்தொகை ஏழு இலட்சம் அளவில். அதில் ஜனநாயகக் கட்சிக்குப் பதிந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல். ஜூன் 26ஆம் திகதி வந்து வாக்களித்தவர்கள் 30,000க்கும் குறைவு. ஒகாசியோ கோர்டெஸுக்கு 16,898, கிரௌலிக்கு 12,880. இடைவெளி 4,018 வாக்குகள். அந்தத் தொகுதியில் ஜனநாயகக் கட்சி மிகவும் பலமானது என்பதால், ஜூனில் வென்றவர் நவம்பரிலும் வெல்வது ஏறத்தாழ நிச்சயம். ஏழு இலட்சம் பேரின் பிரதிநிதியைப் பதினேழாயிரம் பேர் தெரிவு செய்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இதில் ஒரு குறையும் இருக்கிறது, ஒரு வாய்ப்பும் இருக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட வாக்களிக்க வராதது குறை. அவ்வளவு குறைவாக வருவதால், வழக்கமாக வராத சில ஆயிரம் பேரை வீட்டிலிருந்து கூட்டிவர முடிந்தவருக்கு அது வாய்ப்பு. தேர்தலுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் கிரௌலி தரப்புக் கருத்துக்கணிப்பு அவர் 36 புள்ளிகள் முன்னே நிற்பதாகக் காட்டியதாம். கருத்துக்கணிப்புகள் வழக்கமான வாக்காளர்களையே பெரும்பாலும் கேட்கும். புதிதாக வரப்போகிறவர் அந்தக் கணக்கில் விழுவதில்லை.

வாசலும் காசும்

அந்தப் புதியவர்களைத் தேடியது வீடு வீடாக. தட்டுவது, பேசுவது, பெயரைக் குறிப்பது, மறுபடி போவது. சுவரொட்டி ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருந்தது. அவர் வசித்த பார்க்செஸ்டர் பகுதியில் வங்காளதேச முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். அவருக்காக உழைத்தவர்களில் வங்காளதேச வம்சாவளிப் பெண்களும் இருந்தார்கள். அந்த வருட நோன்புப் பெருநாள் ஜூன் நடுப்பகுதியில் வந்தது. பிரசாரத்தின் முக்கியமான வாரங்கள் றமழானோடு சேர்ந்தே போயின. மழைத் தண்ணீர் உள்ளே வரும் அளவுக்குத் தேய்ந்த தன் சப்பாத்தின் படத்தை வெற்றிக்குப் பிறகு அவர் வெளியிட்டார்.

காசைப் பார்த்தால் பக்கத்தில் நிற்க முடியாது. கிரௌலி முப்பது இலட்சம் டொலருக்கு மேல் திரட்டினார். ஒகாசியோ கோர்டெஸ் திரட்டியது இரண்டு இலட்சம் அளவில். பெரும்பகுதி சாதாரண ஆட்கள் கொடுத்த சிறு தொகைகள். அவருடைய பிரசார வீடியோவுக்குப் பத்தாயிரம் டொலர்கூடச் செலவாகவில்லை. கிரௌலியோ ஒரு விவாத மேடைக்குத் தான் வராமல் வேறொருவரை அனுப்பிவைத்தார். நியூயோர்க் டைம்ஸ் தலையங்கம் எழுதி அதைக் கண்டித்தது.

அதே வருடம் ஓகஸ்டில் மிச்சிகனில் இன்னொரு பாடம். டெட்ரொய்ட்டில் பலஸ்தீனக் குடும்பத்தின் 14 பிள்ளைகளில் மூத்தவரான ரஷீதா துலைப், ஆறு பேர் நின்ற பிரைமரியில் சுமார் 31 வீத வாக்கோடு வென்றார். அடுத்தவரோடு இருந்த வித்தியாசம் ஏறக்குறைய 900 வாக்குகள். கறுப்பின மக்கள் அதிகமாக வாழும் தொகுதி அது. தன் சமூகத்து வாக்கை மட்டும் எண்ணியிருந்தால் அவர் அங்கே வென்றிருக்க முடியாது. மினசோட்டாவில் வென்ற இல்ஹான் உமரும் அவரும் அமெரிக்கக் காங்கிரஸின் முதல் இரு முஸ்லிம் பெண்களானார்கள்.

இதையெல்லாம் கேட்டு, வாசல் தட்டினால் வெற்றி நிச்சயம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2018இல் பிரைமரியில் தோற்ற சபை உறுப்பினர்கள் நாடு முழுவதிலும் நான்கே பேர். ஜமால் போமன் 2020இல் இதே வழியில், நியூயோர்க்கில் பதினாறு தவணை இருந்த எலியட் ஏங்கலை வீழ்த்தினார். 2024இல் அதே போமன் பிரைமரியில் தோற்றார். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பேக்கின் தேர்தல் நிதியம் அந்த ஒரு தொகுதியில் 14 மில்லியன் டொலருக்கு மேல் கொட்டியது. வாசல் வழியாக வந்தவரைக் காசு வழியாக வெளியேற்றவும் முடியும்.

ஆனாலும் மருமகளின் கேள்விக்குப் பதில் மாறவில்லை. அங்கே டிக்கட்டை யாரும் 'கொடுப்பதில்லை'. 1,250 கையொப்பம் கொண்டுவந்தால் போட்டியில் நிற்கலாம். கட்சித் தலைவர் விரும்பாவிட்டாலும் நிற்கலாம். எங்கள் கட்சிகளிலோ, முஸ்லிம் கட்சிகள் உட்பட, உறுப்பினர் வாக்களித்து வேட்பாளரைத் தெரியும் வழக்கம் இல்லை. அதைக் கேட்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்கும் பெயர் கேட்டு ஆட்கள் வந்தார்கள். இம்முறை மருமகள் முன் விறாந்தைக்கே வந்து கேட்டாள்: "வட்டாரத்தில நிறுத்துவீங்களா, மேலதிகப் பட்டியல்லயா?" பட்டியல் என்றால் பெயர் மட்டும் போதும், வட்டாரம் என்றால் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் வட்டார வாக்காளர் இடாப்பில் போனமுறை வாக்களிக்கப் போகாத வீடுகளைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

"கேட்டுட்டு வாறம் தங்கச்சி" என்று எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. இடாப்பு இன்னும் அவளிடம் இருக்கிறது.