கைக்குட்டையில் சுற்றிய இதயம்

1795 ஜூன் 9. பாரிஸ் நகரின் டெம்பிள் கோபுரத்தில் நான்கு மருத்துவர்கள் ஒரு சிறுவனின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். பத்து வயதுப் பையன். முந்தின நாள்தான் இறந்திருந்தான். வயிற்றுக்குள் காசநோய்க் கழலைகள் மண்டிக் கிடந்தன. மற்றவர்களின் கவனம் வேறு பக்கம் திரும்பிய நேரத்தில், பிலிப்-ழான் பெல்த்தான் என்ற மருத்துவர் சிறுவனின் இதயத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரெஞ்சு மன்னர்கள் இறந்தால் இதயத்தைத் தனியே எடுத்துப் பாதுகாப்பது பழைய மரபு. இந்தப் பையனுக்கு அதைச் செய்ய அரசவை என்று எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அவன் பெயர் லூயி-ஷார்ல். பதினாறாம் லூயி மன்னருக்கும் மரி அந்துவானெத் அரசிக்கும் பிறந்த மகன். அந்த இதயம் அவனுடையதுதான் என்று அறிவியல் சான்று கிடைக்க 205 ஆண்டுகள் ஆயின.

கோபுரத்தில் ஒரு குடும்பம்

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 ஆகஸ்டில், மன்னர் குடும்பம் டெம்பிள் கோபுரத்தில் அடைக்கப்பட்டபோது சிறுவனுக்கு ஏழு வயது. 1793 ஜனவரி 21 அன்று தந்தையின் தலை கில்லட்டினில் விழுந்தது. அந்த நொடி முதல் முடியாட்சி ஆதரவாளர்களுக்கு அவன் பதினேழாம் லூயி ஆனான். அரியணையை ஒரு நாளும் காணாத அரசன். புரட்சி அரசுக்கோ அவன் உயிரோடு இருப்பதே ஆபத்து.

ஜூலை 3 இரவு, அவனைத் தாயிடமிருந்து பிரிக்கக் காவலர்கள் வந்தார்கள். மகனை விடாமல் அரசி ஒரு மணி நேரத்துக்கு மேல் மறித்து நின்றதாக, அருகிலிருந்த மகள் மரி-தெரேஸ் பின்னாளில் எழுதினாள். சிறுவன் ஆந்துவான் சிமோன் என்ற செருப்புத் தைப்பவரின் பொறுப்பில் விடப்பட்டான். அவன் கடந்து போவதை ஒரு கணமாவது பார்த்துவிட வேண்டும் என்று அரசி சுவரிலிருந்த இடுக்கு வழியே மணிக்கணக்கில் கண் வைத்துக் காத்திருந்தாள்.

அக்டோபரில் அதைவிடக் கொடிய காரியம் நடந்தது. தாய் தன்னிடம் முறைதவறி நடந்தாள் என்று சொல்லும் வாக்குமூலத்தில் எட்டு வயதுப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார்கள். அரசிக்கு எதிரான வழக்கில் அதுவும் குற்றச்சாட்டாக வைக்கப்பட்டது. அக்டோபர் 16 அன்று அவளும் கொல்லப்பட்டாள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சிமோன் விலகிப் போக, சிறுவன் பல மாதங்கள் தனி அறையில் பூட்டப்பட்டுக் கிடந்தான். அதே கோபுரத்தில் மேல்தளத்தில் இருந்த அக்காவுக்கும் அவனைப் பார்க்க அனுமதியில்லை. இறந்தபின் அடையாளக் கல்லும் இல்லாத பொதுக்குழியில் புதைத்துவிட்டார்கள்.

கல்லறை இல்லாத இடத்தில் கதைகள் முளைத்தன. உண்மையான இளவரசனைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், செத்தது வேறு பிள்ளை என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். ‘நானே அந்த இளவரசன்’ என்று அடுத்த பல பத்தாண்டுகளில் நூறு பேருக்கு மேல் கிளம்பினார்கள். அவர்களில் நவுண்டோர்ஃப் என்ற ஜெர்மன் கடிகாரத் தொழிலாளியை, இளவரசனைக் குழந்தைப் பருவத்தில் வளர்த்த தாதியே நம்பினார். 1845-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் அவர் இறந்தபோது, கல்லறையில் பதினேழாம் லூயி என்றே பொறித்தார்கள்.

அலைந்த இதயம்

பெல்த்தான் இதயத்தை எரிசாராயத்தில் போட்டு வைத்தார். ஆண்டுகள் போகப்போகச் சாராயம் ஆவியாகி, இதயம் உலர்ந்து இறுகிவிட்டது. அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர் அதைத் திருடிக்கொண்டு போனார். அந்த மாணவர் இறந்த பிறகு குடும்பத்தார் திருப்பிக் கொடுத்தார்கள். 1828-இல் அது பாரிஸ் பேராயரிடம் போனது. 1830-இல் மறுபடியும் ஒரு புரட்சி. பேராயரின் மாளிகை சூறையாடப்பட்டபோது இதயம் இருந்த பளிங்குக் கண்ணாடிப் பேழை உடைந்து சிதறியது. சில நாள் கழித்து பெல்த்தானின் மகன் அங்கே போய், மணலிலும் கண்ணாடிச் சில்லுகளிலும் தேடி அதைக் கண்டெடுத்தார். பிறகு அது ஆஸ்திரியாவின் ஃப்ரோஸ்டார்ஃப் கோட்டையில் பல காலம் இருந்தது. 1975-இல் பிரெஞ்சு மன்னர்கள் உறங்கும் சென்-தெனி பேராலயத்துக்கு வந்து சேர்ந்தது.

இத்தனை கைமாறிய ஒரு பொருளை எப்படி நம்புவது? அதற்கான விடை அந்த உலர்ந்த தசைக்குள்ளேயே இருந்தது.

தாய் தந்த எழுத்து

நம் உடலின் செல்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இரண்டு இடங்களில் டிஎன்ஏ இருக்கிறது. உட்கருவில் இருப்பது தாயும் தந்தையும் சேர்ந்து தருவது. உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு சிறிய வளையமாக இன்னொரு டிஎன்ஏ இருக்கிறது. டிஎன்ஏவின் வேதி அலகுகளை எழுத்துகள் என்று கொண்டால், இந்த வளையத்தின் நீளம் சுமார் 16,569 எழுத்துகள்தான். தந்தையின் விந்தணுவோடு வரும் மைட்டோகாண்ட்ரியா கருமுட்டைக்குள் அழிக்கப்படுகிறது. ஆகவே இந்த வளையம் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. மகன் பெற்றுக்கொள்வான், அடுத்த தலைமுறைக்குத் தரமாட்டான். மகள்தான் அதைக் கடத்துவாள்.

பழைய உடற்பகுதிகளை ஆராய்பவர்கள் இதை நாடக் காரணம் எண்ணிக்கை. ஒரே ஒரு வீட்டில் இருக்கும் ஓலைச்சுவடியைக் கரையான் அரித்தால் நூலே போய்விடும். ஊர் ஊராகப் படியெடுத்து வைத்த சுவடியில் எங்காவது ஓர் ஏடு தப்பும். உட்கரு டிஎன்ஏ செல்லுக்கு இரண்டு படிகள்தான், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படிகளாக இருக்கும். வேரில்லாத வெட்டிய தலைமுடியில்கூட அது எஞ்சியிருக்கும். சாராயம் தசையின் நீரை இழுத்து, அழுகவைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றது. பிறகு உலர்ந்தே கிடந்ததால், நாள்தோறும் சிதைந்துகொண்டே போகும் மூலக்கூறுகளில் கொஞ்சமாவது பிழைத்திருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டுமே. அதைத் தந்தது ஒரு பாட்டி. மரி அந்துவானெத்தின் தாய், ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவுக்குப் பதினாறு பிள்ளைகள். அவர்களின் முடிக்கற்றைகளைப் பதக்கங்களில் வைத்துக் கோத்த செபமாலை ஒன்று ஆஸ்திரியாவில் கன்னியர் மடமொன்றில் காப்பாற்றப்பட்டு வந்தது. 12 வயதிலும் 16 வயதிலும் பெரியம்மையால் இறந்துபோன ஜொஹானா கேப்ரியேலா, மரியா ஜோசஃபா என்ற இரு மகள்களின் முடியும் அதில் இருந்தது. பிள்ளைகள் மேலிருந்த பாசத்துக்காகச் சேர்த்து வைத்த முடி, இரண்டு நூற்றாண்டு கழித்துப் பேரனின் சாட்சியானது.

அப்போது உயிரோடு இருந்த சாட்சியும் கிடைத்தார். அரசியின் அக்கா மரியா கரோலினா நேப்பிள்ஸின் அரசியானவர். அவர் மகள் வியன்னாவுக்கு வாழ்க்கைப்பட, பேத்தி லியோபோல்டினா பிரேசிலின் பேரரசியானார். அங்கிருந்து பிரான்ஸ், பிறகு டென்மார்க் என்று, தாய் மகளுக்கும் அவள் தன் மகளுக்கும் கொடுத்துக்கொண்டே வந்த அந்த வளையம் ருமேனியாவின் அரசி ஆனாவிடம் வந்து நின்றது. அவர் கணவர் மிஹாயும் 1947-இல் கம்யூனிஸ்டுகளின் நெருக்கடியில் முடி துறந்த மன்னர்தான்.

1998-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான்-ழாக் கசிமான் குழுவினர் நவுண்டோர்ஃபின் எலும்பை ஆராய்ந்தார்கள். அதன் எழுத்துவரிசை மரி அந்துவானெத்தின் தாய்வழியோடு ஒத்துப்போகவில்லை. அடுத்து இதயம். கல்லாக இறுகிப்போயிருந்த அதை 1999 டிசம்பரில் ரம்பம் வைத்து அறுத்துத்தான் துண்டு எடுக்க முடிந்தது. தொட்டவரின் டிஎன்ஏ கலந்துவிட்டால் எல்லாம் வீண் என்பதால், துண்டுகள் லூவனுக்கும் ஜெர்மனியின் மூன்ஸ்டருக்கும் தனித்தனியே போயின. இரண்டு ஆய்வகங்களும் ஒரே வரிசையைப் படித்தன. அது செபமாலை முடியோடும், அரசி ஆனாவின் டிஎன்ஏவோடும் பொருந்தியது. 2000 ஏப்ரலில் முடிவை அறிவித்தார்கள்.

ஆனாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒன்றே. லூயி-ஷார்லின் அண்ணன் லூயி-ஜோசஃப் 1789 ஜூனில், ஏழு வயதில் இறந்தவன். அவன் இதயமாகவும் இது இருக்கலாமே? டிஎன்ஏவால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வரலாற்றாசிரியர்கள் சொன்னார்கள். அண்ணன் இறந்தபோது முடியாட்சி நிலைத்திருந்தது. அவன் இதயம் அரச முறைப்படி பதப்படுத்தப்பட்டு வால்-த-கிராஸ் தேவாலயத்துக்குப் போனது. சாராயத்தில் ஊறியது பெல்த்தான் எடுத்த இதயம். ஆவணமும் ஆய்வகமும் கைகோத்துத்தான் ஒரு பிள்ளைக்குப் பெயரை மீட்டுக் கொடுத்தன.

2004 ஜூன் 8, அவன் இறந்த அதே தேதியில், சென்-தெனியில் பெற்றோர் கிடக்கும் இடத்துக்கு அருகே அந்த இதயத்தை அடக்கம் செய்தார்கள். எட்டு வயதில் தாய்க்கு எதிராக அவனிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அவன் இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் அந்தத் தாய் எழுதிக் கொடுத்தது அப்படியே இருந்தது. அதைத்தான் ஆய்வாளர்கள் படித்தார்கள்.