நிதியமைச்சரும் கேள்வி நேரமும்

சம்பாதிக்காத மாணவியராகிய நாமும் அரசுக்கு வரி செலுத்துகிறோம். சோப்புக் கட்டியின் விலையிலேயே அது அடங்கியிருக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கலாகாது என்கிறது நம் அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு.

வரி போதாதபோது அரசு கடன் வாங்குகிறது. 2024 ஜூலையில் அளிக்கப்பட்ட மத்திய வரவு செலவுத் திட்டத்தின்படி, வரவு ரூபாயில் 27 காசு கடன் முதலியவற்றால் வருவது; செலவு ரூபாயில் 19 காசு வட்டிக்கே போய்விடுகிறது!

இதற்குக் கணக்குக் கேட்பவர் யார்? நம் மக்களவை உறுப்பினர்களே. சபை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் 'கேள்வி நேரம்'. வினாவை 15 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட வினாவிற்கு அமைச்சர் எழுந்து நின்று விடை கூறுவார். குறியில்லாததற்கு எழுத்தில் விடை வரும். அதிகாரிகள் ஆயத்தம் செய்த விடையைத் தருவது எளிது. அதையொட்டி எழும் துணைக் கேள்விகளில்தான் இருக்கிறது சோதனை. மனப்பாடம் செய்ததை நாம் ஒப்பித்து முடித்ததும் ஆசிரியை "ஏன்?" என்பாரே, அதுபோலத்தான்!

1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்திரா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போட்டது. பொதுமக்கள் சிறுகக் கட்டிய பணம் அது. ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தியே சபையில் கேள்வி எழுப்பினார். விசாரணை நடந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

2020 செப்டம்பரில் கொரோனா காரணமாகக் கேள்வி நேரம் நடைபெறவில்லை. எழுத்தில் விடைகள் வந்தன. துணைக் கேள்வி கேட்கத்தான் வழியில்லை.