சந்துக்காரர்கள் போட்ட சாக்கடை

கராச்சியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஒராங்கி, 1965க்குப் பிறகு வளர்ந்த குடியிருப்பு. 1971 போருக்குப் பின் வங்கதேசத்திலிருந்து வந்தவர்களும் சேர, லட்சக்கணக்கானோர் வாழும் இடமாயிற்று. வீட்டை அவரவரே கட்டிக்கொண்டார்கள். ஆனால் கழிவுநீர் சந்து நடுவே ஓடியது. பாதாளச் சாக்கடை போடுவது சர்க்கார் வேலை, அதையும் இலவசமாகச் செய்து தர வேண்டும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

1980இல் அங்கே வந்தார் அக்தர் ஹமீத் கான். பிரிட்டிஷ் இந்தியாவின் உயர் அரசுப் பணியான ஐ.சி.எஸ். பதவியை 1945இல் உதறிவிட்டு, அலிகார் பக்கம் பூட்டு செய்யும் வேலை கற்றுக்கொண்ட மனிதர். பிறகு அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லாவில் கிராமக் கூட்டுறவுகளை வளர்த்துப் பேர் வாங்கினார். ஒராங்கிக்கு அவர் திட்டம் எதையும் கையோடு கொண்டுவரவில்லை. தெருத்தெருவாக நடந்து, ஜனங்களோடு பேசினார்.

அதிலிருந்து பிறந்ததுதான் ஒராங்கி முன்னோடித் திட்டம். அதன் அலகு ஊர் அல்ல, சந்து. இருபது முப்பது வீடுகள் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கும். பணம் வசூலிப்பது, ஆள் வைப்பது, தோண்டுவது எல்லாம் அவர்கள் பாடு. திட்டத்தை நடத்திய நிறுவனம் நிலமட்டம் அளந்து, வரைபடமும் மதிப்பீடும் தந்து, கருவிகளை இரவல் கொடுக்கும். பணத்தை மட்டும் தொடாது. இந்த ஒரு விதியில்தான் சூட்சுமம் இருந்தது என்று சொல்லலாம். பெரிய கமிட்டி போட்டிருந்தால் நாற்காலிச் சண்டைதான் மிஞ்சியிருக்கும். எதிர்வீட்டுக்காரரிடம் வாங்கிய காசுக்குக் கணக்குச் சொல்லாமல் யாரால் தப்ப முடியும்?

தொடக்கத்தில் வேலை சொதப்பியது. சிமென்ட் கலவை சரியில்லை. போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தவும் இல்லை. அதற்காக வேலையைப் பிடுங்கிக்கொள்ளாமல், கலவை விகிதத்தையும் அச்சுகளையும் எளிமையாக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒப்பந்தக்காரரின் லாபமும் கமிஷனும் கழிந்துபோனதால், கழிப்பறை உட்பட வீட்டுக்குச் சுமார் 1,000 ரூபாயில் முடிந்தது. காலப்போக்கில் 90,000க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி இணைந்தன.

மக்களே செய்துகொள்ளட்டும் என்று அரசு கைகழுவ இது வசதியான சாக்கு ஆகிவிடாதா? நியாயமான சந்தேகம். அதனால்தான் பொறுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டுக் கழிப்பறை, வீட்டுக் குழாய், சந்துக் குழாய், அவை சேரும் துணைக் குழாய் எல்லாம் மக்களுடையவை. முதன்மைக் கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசுடையவை. எந்தச் சந்தும் காசு சேர்த்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட முடியாது. இந்தப் பங்கீட்டைப் பாகிஸ்தானின் 2006 தேசியத் துப்புரவுக் கொள்கை ஏற்றுக்கொண்டது.

மக்கள் பங்கு விறுவிறுவென்று முடிந்தது. அரசின் பங்குதான் இழுத்தது. சந்துக் குழாய்கள் பெரும்பாலும் 'நாலா' எனப்படும் இயற்கை ஓடைகளில் போய் விழுந்தன; அங்கிருந்து கழிவு அப்படியே கடலுக்குப் போயிற்று. அந்த ஓடைகளையும் குழாய்களையும் பகுதி பகுதியாக வரைபடமாக்கும் பணியை முன்னின்று நடத்தியவர் இந்தத் திட்டத்தின் கட்டடக்கலைஞர் பர்வீன் ரஹ்மான். தண்ணீர் எங்கே திருடப்படுகிறது, யார் நிலம் யார் கைக்குப் போகிறது என்பதையும் அவர் ஆவணப்படுத்தினார். 2013 மார்ச்சில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2020 ஆகஸ்ட் பெருமழையில் கராச்சி மூழ்கியது. அடுத்த ஆண்டு, ஓடைகளை அகலப்படுத்துவதாகச் சொல்லி, ஒராங்கி நாலா ஓரமிருந்த வீடுகளை அதிகாரிகள் இடித்தார்கள்.